அம்பேந்திய அரசனிடம் கேட்ட பழி

பலெர்மோவில் என் வேலைநாள் ஓர் அரசனின் மூக்கைத் துடைப்பதில் தொடங்குகிறது. ஈரத்துணி கூடாது, போத்தல் மருந்து எதுவும் கூடாது. மெல்லிய தூரிகையால் மணிமுடி, மூக்கு, தாடி, அங்கி என்று மேலிருந்து கீழாகத் தட்டிவிட வேண்டும். ஆபிரிக்காப் பக்கமிருந்து சிரோக்கோக் காற்று வீசுகிற நாட்களில் இந்த நகரத்தில் எல்லாவற்றின் மேலும் செம்மண் பொடி படியும். காயப்போட்ட சேலை, கார்க் கண்ணாடி, அரசனின் கண்ணிமை என்று அதற்குப் பேதமே கிடையாது. ஊரிலும் நான் சுவாமிப் படம் துடைத்தவள்தான். ஆனால் அங்கே துடைத்தபின் பொட்டு வைப்போம், பூ வைப்போம், ஏதாவது கேட்போம். இங்கே துடைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கோப்பி போட வேண்டும். சம்பளத்துக்கு ஒரு சாமியைச் சுத்தம் செய்வது முதலில் எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

அரசன் இருப்பது வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு பழைய மாடிக்கட்டடத்தின் மூன்றாம் தளத்தில், நான் வேலை செய்கிற வீட்டு அம்மாவின், இந்த ஊர்ப் பேச்சில் என் சிஞ்ஞோராவின், வரவேற்பறைச் சுவரில். சிஞ்ஞோராவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தகப்பன் பலெர்மோக்காரர், தாய் ஆங்கிலேயப் பெண். தாய் கல்யாணமாகி வந்தபோது தன் ஊர்ப் புனிதர் என்று கொண்டுவந்த மரப்பலகை ஓவியம் அது. எட்மண்ட் என்பது பெயர். சிஞ்ஞோராவின் வாயில் எத்மோந்தோ ஆகிவிடுவார். இங்கிலாந்து ஒரே நாடாக ஆவதற்கு முன்னர் அதன் கிழக்குக் கரையில் கிழக்கு ஆங்கிலர் என்ற மக்களுக்கு அரசராக இருந்தவராம். நெடுங்காலம் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். தலையில் மணிமுடி இருந்தது, வலக்கையில் கூரான ஓர் அம்பு இருந்தது. எனக்கு அந்த அம்பு போதுமாக இருந்தது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முருகன் கையில் வேல், அம்மன் கையில் சூலம், ஐயனார் கையில் வாள். கையில் ஆயுதம் இருக்கிற தெய்வம் அதை எய்யும், எறியும், குத்தும். அழகுக்கு வைத்திருப்பதில்லை. இந்த நகரத்துக்குக் காவல் சாந்தா ரொசாலியா. அவருடைய மலைக் குகைக்குப் பலெர்மோத் தமிழர் ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்பில்லாமல் ஏறுவார்கள், நானும் ஏறியிருக்கிறேன். மகளின் சோதனைக்காக, கணவரின் நாரிப்பிடிப்புக்காக எல்லாம் அவரிடம் கேட்டிருக்கிறேன், தந்துமிருக்கிறார். ஆனால் பூமுடி சூடிக் குகைக்குள் சாய்ந்து கிடக்கிற அந்தக் குமர்ப்பிள்ளையிடம் போய், ஒருவனை அழித்துத் தா என்று எப்படிக் கேட்பது? எந்தக் காரியத்துக்கு எந்தக் கந்தோர் என்ற கணக்கு சாமிகளிலும் உண்டு. என் காரியத்துக்கு அம்பு வைத்திருந்த இந்த ஆள்தான் சரி என்று பட்டது.

என் காரியம் என் தம்பி ரவி. படிப்பில் பெரிய ஆர்வம் இல்லை, ஆனால் தண்ணீர் இறைக்கிற மெசின் எது பழுதானாலும் காதை வைத்துக் கேட்டே வருத்தம் சொல்லிவிடுவான். ஊர்த் தோட்டங்கள் பாதி அவன் கையால்தான் தண்ணீர் குடித்தன. சண்டை நாட்களில் அந்த வயதுப் பெடியன் வெளியே தெரிவதே குற்றம். சீருடை போட்டவர்கள் அவனைப் பெயர் சொல்லித் தேடி வந்தார்கள். எந்தச் சீருடை என்று எழுதினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், அதனால் எழுதவில்லை. அம்மா அவனைப் புகையிலைத் தோட்டத்துக் கிணற்றடிக் கொட்டிலில் ஒளித்தார். மத்தியானத்தில் கடகத்துக்குள் சோற்றுப் பார்சலை வைத்து மேலே புல்லைப் பரப்பிக்கொண்டு போவார். ஒருநாள் நானும் கூடப் போகையில் ஒழுங்கையில் தவராசா எதிரே வந்தான். பக்கத்து ஒழுங்கையில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். வயதில் எனக்கு மூத்தவன்தான், ஆனால் ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வராது. அவன் கடகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டான்: “மாட்டை வித்துப்போட்டியள். புல்லு ஆருக்கு மாமி?”

மாடு விற்றதை அம்மா மறந்துவிட்டார். பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிற பதற்றத்தில், வளவில் மாடு இல்லை என்பது நினைவில் இல்லை. ஆட்டுக்கு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். எங்களிடம் ஆடும் இல்லை. மறுநாள் காலை வாகனம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நேரே கொட்டிலுக்குப் போனது. அதற்கு முதற்கிழமை அவர்களிடம் பிடிபட்டிருந்த தவராசாவின் தம்பி அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தான். அதன் பிறகு யாரும் எதையும் விளக்கிச் சொல்லத் தேவை இருக்கவில்லை. அம்மா முகாம் முகாமாகப் போனார், கடற்கரைக்குப் போனார், பாழ்க்கிணறுகளை எட்டிப் பார்த்தார். கடைசியில் தவராசாவின் வீட்டு வாசலில் நின்று மண் அள்ளித் தூற்றினார். உடம்பும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. திவசம் செய்யலாமா என்று கேட்டால் அடிக்க வருவார். அப்படியே அவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்தத் தவராசாவை நான் பலெர்மோவில் கண்டேன். தமிழர் பொங்கல் விழாவுக்கு எடுத்த மண்டபத்தில், முன்வரிசைக் கதிரையில், வேட்டி கட்டிக்கொண்டு இருந்தான். தலைமயிர் கொட்டி, உடம்பு வற்றியிருந்தது. யாரோ எதையோ கேட்க, அன்று அம்மாவிடம் கேட்டபோது சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான். கையிலிருந்த பொங்கல் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு அவனை விசாரித்தேன். பிரான்காச்சோவில் அடுக்குமாடி ஒன்றில் வேறு ஆட்களோடு அறை எடுத்து இருக்கிறானாம். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பருத்து, கண்ணாடி போட்டு, நரைத்துப்போன என்னை அவனுக்கு மட்டுக்கட்ட முடியவில்லை என்று நினைத்தேன். அதன் பிறகு எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் அவனுடைய பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

என் கணவரிடம் சொல்லவில்லை. ஊர் வழக்கப்படி இனி அவரை ‘இவர்’ என்றே எழுதுகிறேன். இவர் வேறு ஊர்க்காரர். ரவியின் கதை தெரியும், தவராசாவின் பெயரோ முகமோ தெரியாது. நல்ல மனிதர், சண்டை பிடிக்கத் தெரியாதவர். பழசைக் கிளறி என்ன கிடைக்கப்போகிறது என்பார். எனக்கு அந்தச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை. அவன் கெட வேண்டும், நான் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஊரில் என்றால் காளி கோயிலில் மிளகாய் அரைக்கலாம். சிஞ்ஞோராவின் சமையலறையில் அரைக்க முடியாது, எரித்தால் தீயணைப்புப் படை வந்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் அரசனைத் துடைத்து முடித்ததும் ஒரு செத்தல் மிளகாயைச் சட்டத்துக்குப் பின்னால் செருகிவிடுவேன். கூர் பிரான்காச்சோப் பக்கம் பார்க்கும்படி செருகுவேன். “அம்பை வைச்சுக்கொண்டு சும்மா நிக்காதையும்” என்று காதோடு சொல்லிவிட்டு வந்து கோப்பி போடுவேன்.

வெள்ளிகள் போயின. தவராசா இன்னும் முன்வரிசையில்தான் இருந்தான். பிறகு வரவேற்பறைக்கு வெள்ளை அடிக்க வேண்டி வந்தது. சிஞ்ஞோரா தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் நிற்க, படத்தை நான்தான் இறக்கினேன். மிளகாய் நினைவே எனக்கு வரவில்லை. சலசலவென்று எல்லாம் தரையில் கொட்டின. களவுச் சாமானோடு பிடிபட்டவள் போல நின்றேன். சிஞ்ஞோரா குனிந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் கண்ணூறு கழியச் சிவப்புக் கொம்பும் சிவப்பு மிளகாயும் தொங்கவிடுவார்கள். இத்தனை காலமும் நான் ஒருவருக்கும் சொல்லாமல் அவருடைய வீட்டைக் காத்து வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தார். தொலைபேசியில் சொந்தக்காரருக்கெல்லாம் சொன்னார். நான் ஒருவனுக்குக் கேடு செய்ய வைத்த மிளகாய்க்கு எனக்கு நற்பெயர் கிடைத்தது.

அந்த மகிழ்ச்சியில்தான் சிஞ்ஞோராவுக்கு அரசனின் கதையைச் சொல்லும் எண்ணம் வந்தது. உனக்கு இவ்வளவு பக்தி என்று தெரியாமல் போயிற்றே என்றார். நான் சூடான மினுக்குப்பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அறிய வேண்டியிருந்தது ஒன்றுதான், அதையே முதலில் கேட்டேன்.

“இந்த அம்பால் இவர் எத்தனை பேரைக் கொன்றார்?”

“கொன்றாரா?” என்றார் சிஞ்ஞோரா. “மகளே, இவரைக் கொன்ற அம்பு அது.”

எனக்கு விளங்கவில்லை. சிஞ்ஞோரா சிரித்தார். கோயிலில் சாந்தா லுசியா தட்டில் கண்களை வைத்துக்கொண்டு நிற்கிறாரே, மற்றவர்களின் கண்ணைப் பிடுங்குகிறவர் என்றா நினைத்தாய் என்று கேட்டார். இங்கே புனிதர் கையில் இருப்பது அவருக்குச் செய்யப்பட்ட கொடுமை, அவர் செய்தது அல்ல. எத்தனை வருடமாக இந்த நகரத்துக் கோயில்களுக்குள் போய் வந்திருக்கிறேன்! தட்டில் கண், தட்டில் முலை, கையில் சிலுவை, கையில் கத்தி, எல்லாம் பார்த்திருக்கிறேன். நம்முடைய கண்ணால்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அடிவாங்கியவர் அடித்த தடியையே தூக்கிக்கொண்டு நிற்கிறார், அவரிடம் போய் இத்தனை மிளகாயைக் கொட்டியிருக்கிறேன். அப்படியென்றால் அவர் என் தம்பியின் பக்கம் நிற்கிற ஆள். தன்னையே காக்க முடியாதவர் எனக்காக எங்கே எய்யப் போகிறார் என்று நினைத்தேன்.

கதையை மட்டும் கேட்டு முடித்தேன். டேனியர் என்று கடல்கடந்து வந்த கொள்ளையர் அரசனிடம் ஆளனுப்பினார்களாம். எங்களுக்குக் கீழே இருந்து ஆள், உன் சொத்தில் பங்கு தா என்று. அவர் மறுத்தார். என் மக்கள் செத்துக் கிடக்கையில் நான் மட்டும் தப்பியிருந்து என்ன என்று சொல்லி ஆயுதத்தைக் கீழே போட்டார் என்பது கோயிலில் சொல்கிற கதை. சிஞ்ஞோராவின் தாய் ஊரில் சொல்கிற கதை கொஞ்சம் வேறு. தோற்று வந்தவர் ஒரு சிறிய பாலத்துக்குக் கீழே ஒளிந்திருந்தார். அந்த வழியாகக் கல்யாணம் முடிந்து வந்த ஒரு சோடி, நிலவு வெளிச்சத்தில் தண்ணீருக்குள் ஏதோ மினுங்கக் கண்டது. அது குதிரையை விரட்ட அரசர் குதிகாலில் கட்டியிருந்த பொன் முள். அவர்கள் போய் டேனியரிடம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் மினுக்குவதை நிறுத்திவிட்டேன். கடகத்துப் புல் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. அந்தச் சோடிக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். சிஞ்ஞோராவுக்குத் தெரியவில்லை. அவர்களுடைய பெயர் என்ன என்று கேட்டேன். பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை என்றார், அது முக்கியமில்லை என்பது போல. எனக்கு அதுதான் முக்கியம். காட்டிக் கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பால் குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள், பிள்ளை பெற்றிருப்பார்கள், ஊர் விழாவில் முன்வரிசையில் இருந்திருப்பார்கள். என் முகத்தைப் பார்த்தோ என்னவோ சிஞ்ஞோரா இன்னொன்றும் சொன்னார். பிடித்து இழுத்துப் போகும்போது அரசர் சபித்தாராம், இந்தப் பாலத்தைக் கடக்கும் எந்தக் கல்யாணச் சோடியும் விளங்காது என்று. இன்றைக்கும் அந்த ஊரில் பெண் மாப்பிள்ளை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவார்களாம். அம்மா மண் அள்ளித் தூற்றியதும் இதுவும் ஒன்றுதானே என்று பட்டது. அரசர்மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

மீதிக் கதை கொடியது. மரத்தில் கட்டி, உடம்பெல்லாம் முள்ளம்பன்றி போல ஆகும்வரை அம்பு எய்தார்கள். பிறகு தலையை வெட்டினார்கள். மக்களுக்குக் கிடைக்கக் கூடாது என்று தலையை மட்டும் கொண்டுபோய்க் காட்டுக்குள் முட்பற்றைக்குள் எறிந்தார்கள். எங்கள் நல்லூர் அரசனையும் பறங்கியர் கடல் கடத்திக் கொண்டுபோய்த்தான் கொன்றார்கள். நாட்டைப் பிடிக்கிறவர்களுக்கு எல்லாக் காலத்திலும் ஒரே புத்தி. டேனியர் போனபின் மக்கள் காட்டுக்குள் இறங்கி, எங்கே இருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று கூப்பிட்டபடி தேடினார்கள். அரசரின் தலை பதில் சொன்னதாம்: இங்கே, இங்கே, இங்கே என்று. குரல் வந்த பக்கம் போனால், ஓர் ஓநாய் அந்தத் தலையைத் தன் முன்னங்கால்களுக்கு நடுவே வைத்து, பசியோடு, தொடாமல் காவல் இருந்ததாம். நான் மினுக்குப்பெட்டியின் ஆவிக்குள் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார். ஒரு நாய்கூட எங்களுக்காகக் காவல் இருக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஓர் அந்நிய அரசர்மேல் அன்று எனக்கு வந்தது பொறாமை.

கடைசியாகச் சிஞ்ஞோரா சொல்லத் தயங்கிய ஒரு பகுதி உண்டு. பல காலத்துக்குப் பிறகு அதே டேனியரின் இன்னோர் அரசன் வந்து, எட்மண்டை அடக்கம் செய்த ஊரிடம் வரி கேட்டு மிரட்டினானாம். தன் ஆட்கள் சூழ இருந்தவனுக்கு முன்னால் புனிதர் முழுப் போர்க்கோலத்தோடு தோன்றி ஈட்டியால் குத்திக் கொன்றாராம். மன்னிக்க வேண்டியவர் இப்படிச் செய்தார் என்பது தனக்கு அவ்வளவு பிடிக்காது என்றார் சிஞ்ஞோரா. நான் அந்தப் பகுதியை மட்டும் இன்னொருமுறை சொல்லச் சொன்னேன். அடுத்த வெள்ளி மறுபடியும் செத்தல் மிளகாய் போனது, சிஞ்ஞோராவின் முழுச் சம்மதத்தோடு.

அந்த மாரிதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. இவர் சியாகுல்லியில், காலம் பிந்திப் பழுக்கிற மந்தரீன் தோட்டங்களில் பழம் ஆய்கிற வேலை செய்கிறவர். அங்கே தன்னோடு நின்ற ஒரு வயதான தமிழர் ஏணியிலிருந்து விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார், இனி ஏற முடியாது, இங்கே தங்க விடுகிற பெர்மெசோக் கடதாசி முடியப்போகிறது, வேலைக்குக் கொந்த்ராத்தோ என்ற ஒப்பந்தம் இல்லாமல் பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், புதுப்பிக்க மாட்டார்கள், பாவம் என்று வீட்டில் கதைத்தார். பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் சிஞ்ஞோராவின் கட்டடத்தில் வாசலடி அறையில் தங்கியிருந்து ஆட்களைக் கவனிக்கிற போர்த்தியேரே அப்போதுதான் வேலையை விட்டுப் போயிருந்தார். இவர் என்னைக் கூட்டிப்போக வந்த ஒருநாள் சிஞ்ஞோராவிடம் தானாகவே கேட்டிருக்கிறார். அவரும் ஆளைக் கூட்டி வா என்றிருக்கிறார். எனக்குத் தெரிந்தது, ஒரு பின்னேரம் வரவேற்பறைக் கதவைத் திறந்தபோது தவராசா கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, ஊன்றுகோலோடு, இவருக்குப் பக்கத்தில் நின்றதைக் கண்டுதான்.

அவன் என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தான். சிஞ்ஞோரா இருக்கச் சொன்னார். பிறகு என்னிடம், உன் ஆட்களை உனக்குத்தான் தெரியும், இந்த ஆள் நல்லவரா, நீ தலையாட்டினால் எனக்குப் போதும் என்றார். ஊரில் தலையாட்டுவது என்றால் என்னவென்று சிஞ்ஞோராவுக்குத் தெரியாது. முகத்தை மூடிக்கொண்டு வந்து நின்று, இவன்தான் என்று காட்டிக் கொடுக்கத் தலையாட்டியவர்களால் எத்தனை வீடு இருண்டது என்றும் தெரியாது. இப்போது தலை என்னுடையது. ஆட்டினால் அவனுக்கு அறையும் வேலையும் கடதாசியும். ஆட்டாவிட்டால் உடைந்த காலோடு பிரான்காச்சோவிலிருந்து நேரே விமான நிலையம். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. ஆனால் தலையை அசைப்பதற்கு முன் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. தமிழில் கேட்டேன்.

“ரவியை எங்கை கொண்டுபோனவங்கள்?”

இவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஆள் யாரென்று இவருக்கு விளங்கிவிட்டது.

தவராசா நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்: “உம்மை நான் முதல்நாளே கண்டுட்டன், பிள்ளை. அதுதான் எங்கை போனாலும் முன்னுக்குப் போய் இருக்கிறனான். உம்மடை முகம் தெரியாத இடமாப் பாத்து.”

“நான் கேட்டது அதில்லை.”

“தெரியாது. கொட்டிலைக் காட்டினதோடை என்னை வாகனத்துக்குள்ளை குப்புறப் படுக்க விட்டிட்டாங்கள். ஒண்டும் பாக்கேல்லை. சத்தம்தான் கேட்டது.”

“என்ன சத்தம்?”

அவன் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தான். “மெசின் ஓடிக்கொண்டு இருந்தது. வாடா எண்டு இழுக்கிறாங்கள். அவன், பொறுங்கோ, மெசினை நிப்பாட்டிப்போட்டு வாறன், தண்ணி வீணாப் போகுது எண்டவன்.”

அது ரவி கதைக்கிற விதம்தான். வேறு யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது, அவன் புளுகியிருக்கவும் முடியாது. இத்தனை வருடத்தில் என் தம்பியின் வாயிலிருந்து எனக்கு வந்து சேர்ந்த முதல் சொல், அவனைக் காட்டிக் கொடுத்தவனின் வாய்வழியாக வந்தது. நான் அழுதேன். அவனும் அழுதான். இவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். சிஞ்ஞோரா எங்கள் மூவரையும் பார்த்தார், பார்த்துவிட்டுத் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரே ஊரா என்று கேட்டார். ஓம் என்று என் தலை ஆடிவிட்டது. அந்தக் கேள்விக்கு அதுதான் உண்மை. சிஞ்ஞோரா எழுந்து வந்து அவனுடைய கையையும் என் கையையும் சேர்த்துப் பிடித்தார். எத்மோந்தோ ஊர்க்காரரை ஊர்க்காரரிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரட்டும் என்றார். அவனுடைய கை குளிர்ந்திருந்தது. நான் என் கையை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர், நாளைக்கே சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் சொல்லி அவனை நிற்பாட்டுகிறேன் என்றார். இவருக்கு இப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்றேன். மன்னித்துவிட்டாயா என்று கேட்டார். மன்னிக்கவில்லை, இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஊருக்கு அனுப்பினால் அவன் நாலு பேரோடு நாலு பேராக வெயிலில் குந்தியிருப்பான், செத்தால் பறைமேளத்தோடு போவான். இங்கே என்றால் காலையில் எனக்குக் கதவு திறந்துவிட வேண்டும். அதோடு அவன் அன்று காதால் கேட்டவன். ஒரு வசனத்தைக் கேட்டவன் இன்னும் என்னென்ன கேட்டானோ. இதைச் சொன்னபோது இவர் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார்.

இப்படித்தான் என் பழி தொடங்கியது. காலையில் அவன் பெரிய மரக்கதவின் ஒரு பாதியைத் திறப்பான். நான் உள்ளே போக மாட்டேன், நிற்பேன். சொல்ல வேண்டும். ரவியைப் பற்றி ஏதாவது ஒன்று சொன்ன பிறகுதான் படியேறுவேன். முதலில் அந்தக் காலையையே திரும்பத் திரும்பச் சொன்னான், மெசின், தண்ணீர், குரல். பிறகு வேறு வேறு வந்தது. கடைக்கு வந்து காற்றடிக்கிற பம்பைக் கழற்றிப் பூட்டித் தந்தது, கூலி கேட்டால் தேத்தண்ணி போதும் என்றது, என் அம்மாவின் மீன்குழம்பைப் பற்றிப் பீற்றிக்கொண்டது. எனக்குத் தெரியாத ரவி ஒருவனை அவன் வைத்திருந்தான். ஒருநாள் தன் தம்பியைப் பற்றியும் சொன்னான். வீட்டுக்கு வந்தவன் தன்னோடு ஒருநாளும் கதைக்கவில்லையாம், தான் வைத்த சோற்றைத் தொடவில்லையாம், பிறகு வள்ளத்தில் வெளிக்கிட்டுக் கரை சேரவில்லையாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்தது. அன்று முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தேன். இதை வாசித்து யாராவது என்னைத் திட்டினால் திட்டுங்கள்.

கால்நோகிற நாட்களில் அவன் கெஞ்சுவான். “இண்டைக்கு விடும் பிள்ளை. நிக்கேலாமல் கிடக்கு” என்பான். “சொல்லிப்போட்டு இரு” என்பேன். வெளியே மீன்காரர் கூவிக்கொண்டு போவார், மோட்டார் சைக்கிள்கள் தூசி கிளப்பிக்கொண்டு போகும். கதவுக்கு உள்ளே, குளிர்ந்த கல் முற்றத்தில், எங்கள் ஒழுங்கை கிடக்கும். இந்த நகரத்தில் இருக்கிற தமிழரில் அந்த ஒழுங்கையைத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். என் மகளுக்கு அது கதை. இவருக்கு அது அயலூர். எனக்கு ஊர் என்று இங்கே மிஞ்சியிருப்பது நான் வெறுக்கிற ஒரு மனிதனின் வாயில் இருக்கிறது.

போன கிழமை அவனுக்குக் குவெஸ்தூராவில் பெர்மெசோ எடுக்கும் நாள். எனக்குத் தெரியாது. போய் மணியடித்தேன். கதவைத் திறந்தது ஒரு மாற்றாள், பலெர்மோக்காரர், தொந்தி வைத்த, கலகலப்பான மனிதர். காலை வணக்கம் சொல்லிக் கதவின் இரண்டு பாதியையும் அகலத் திறந்துவிட்டார். நான் ஒரு காலைப் படிக்கு உள்ளே வைத்தேன். மற்றக் காலைத் தெருவிலிருந்து எடுக்க முடியவில்லை. யாரும் எதையும் சொல்லாமல் எப்படி உள்ளே போவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர், மரியாதையாகத்தான், யாரையாவது தேடுகிறீர்களா சிஞ்ஞோரா என்று கேட்டார்.

“ஓம்” என்றேன். தமிழில்தான் வந்தது.